மெத்தைக் கம்பெனியில் ஒரு தாக்குபவர்

எங்கள் கம்பெனியில் மெத்தை செய்கிறார்கள். நான் அதில் படுக்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது இதைச் சொன்னேன். நான் வேலை வெட்டி இல்லாதவன் என்று என் மாமனார் முடிவு கட்டிவிட்டார். இல்லை, இதுவும் வேலைதான். தர ஆய்வுப் பிரிவு என்று கௌரவமான பெயர்கூட இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வேண்டும், ஒருக்களிக்க வேண்டும், குப்புறக் கவிழ வேண்டும், கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குதி குதிக்க வேண்டும். ஸ்பிரிங் முனகினால் திருப்பி அனுப்புவேன். முனகாவிட்டால் முத்திரை குத்துவேன். தொழிற்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். கோபித்துக்கொண்டதில்லை. எனக்குக் கோபம் கிளம்பி வந்து சேர்வதற்குள் திட்டியவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட நான் இந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ வன்முறையாளன் ஆனேன். பதவி, உடுப்பு, கைதட்டல் எல்லாம் முறைப்படி கொடுத்தார்கள்.

ஓரத் தையல் அக்காவின் மண்டை உடைந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மெத்தையின் மேல்துணியையும் பக்கத் துணியையும் நாடா வைத்துச் சுற்றித் தைப்பது அக்காவின் வேலை. அவள் தைத்த ஓரத்தில் நான் எவ்வளவு குதித்தாலும் ஓர் இழை பிரியாது. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வெளியே போனவளை அவள் புருஷன் வாசலிலேயே மறித்தான். ஏன் தாமதம் என்று கேட்டான். சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை அவன். கொண்டையைப் பிடித்து இரும்புக் கேட்டில் மோதினான். கேட் மணி மாதிரி ஒலித்தது. இரண்டாம் முறை அந்த ஒலி வரவில்லை. நடுவில் ஈரம் சேர்ந்துவிட்டது.

காவலாளிகள் டீ டம்ளரைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவளைத் தூக்கியவர் வெட்டு அண்ணன். நுரைப்பாளம் வெட்டுகிறவர், கதவு மாதிரி அகலமான மனிதர். அவரைப் பார்த்ததும் புருஷன் நடையைக் கட்டினான். நானும் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் தலையில் கட்டோடு அக்கா மேலாளரைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். என்னை யாரும் அதற்கு முன் துணைக்குக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெருமையிலேயே போய்விட்டேன்.

மேலாளர் முதலில் காவலாளியைத்தான் விசாரித்தார். “சம்பவம் நடந்தது உள்ளேயா, வெளியேயா?”

“தலை வெளியே சார்,” என்றார் காவலாளி. “கேட் நம்மளுது.”

“இரத்தம்?”

“ரெண்டு பக்கமும் சார். உள்பக்கத்தைக் கழுவிட்டோம்.”

மேலாளர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அக்கா சொன்னாள்: “சார், நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். இனி அவர் அங்கே வரமாட்டார், தங்கச்சி புருஷனைக் கண்டா பயம். இங்கேதான் வருவார். அவரை உள்ளே விடாதீங்கன்னு வாசல்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். வேற எதுவும் வேண்டாம்.”

“ஒரு வார்த்தை சொல்றது சுலபம்மா,” என்றார் மேலாளர் கனிவோடு. “இன்னிக்கு உன் புருஷனைத் தடுப்போம். நாளைக்கு இன்னொருத்தி வருவா, அவ புருஷனையும் தடுக்கணும். அப்புறம் அண்ணன், தம்பி, மாமியார்... இதுக்கு முடிவே கிடையாது. நாம தனி மனுஷங்களைத் தடுக்கிற நிறுவனம் இல்லை. நாம வன்முறையைத் தடுப்போம். வேரோட.”

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது மாதிரி இருந்தது, நான் தலையாட்டினேன். அப்படித்தான் வன்முறைத் தடுப்புப் பிரிவு பிறந்தது.

பிரிவுக்குத் தலைவராக ஒருவர் வந்து இறங்கினார். வெயிலில்லாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் பின்னல் கயிற்றில் ஒரு விசில். வந்த அன்றே அவருக்கு விசில் என்று பெயர் வைத்துவிட்டோம். எல்லோரையும் கூடத்தில் கூட்டினார். மேடை இல்லாததால் இரட்டை ஸ்பிரிங் மெத்தை ஒன்றின்மேல் ஏறி நின்றார். ஆகவே அவருடைய முதல் உரை முழுவதும் மேலும் கீழுமாக இருந்தது.

“வன்முறை என்பது,” என்று உயர்ந்தார், “எங்கிருந்து வருகிறது?” என்று தாழ்ந்தார். “வெளியிலிருந்தா? இல்லை! என் அனுபவத்தில் ஆபத்து எப்போதும் உள்ளேதான் இருக்கிறது. உங்களில் ஒருவன். இப்போதுகூட நல்லவன் மாதிரி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.”

எல்லோரும் நல்லவர்கள் மாதிரி நிற்பதை நிறுத்திக்கொண்டோம்.

முதல் வேலையாக ஆயுதங்களைப் பறிமுதல் செய்தார். மெத்தைக்குப் பொத்தான் கோக்கும் நீள ஊசி, கத்தரிக்கோல், வெட்டு அண்ணனின் வெட்டுக் கத்தி எல்லாம் இரும்பு அலமாரிக்குள் போயின. வெட்டு அண்ணன் நுரைப்பாளத்தைக் கையால் பிய்க்க ஆரம்பித்தார், ஓரம் வராத இடத்தில் பல்லால். அந்த வாரத்து மெத்தைகள் எலி கடித்த ரொட்டி மாதிரி வந்தன. நான் எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்து முத்திரை குத்தினேன், மேலிடத்து உத்தரவு.

அக்காவின் இயந்திரத்திலும் ஊசி உண்டு. அதைக் கழற்றினால் இயந்திரம் ஓடாது, கழற்றாவிட்டால் ஆயுதம். ஆகவே அவள் தைக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு காவலாளிகள் நிற்க வேண்டும் என்று ஏற்பாடானது. அதற்கு வாசல் காவலாளிகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“அப்போ வாசல்ல யாரு?” என்றாள் அக்கா.

“வாசல்ல என்னம்மா இருக்கு?” என்றார் விசில். “வரவேற்பு மேஜையில ஒரு பொண்ணு இருக்கு, போதும். வர்றவங்களுக்குப் பார்வையாளர் அட்டை மாட்டி உள்ளே அனுப்பும்.”

“சார், அவர் எங்க தெரு முழுக்கச் சொல்லிட்டிருக்காராம். உள்ளே பூந்து முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன், கையை ஒடிப்பேன், அப்புறம் எப்படித் தைக்கிறான்னு பார்க்கிறேன்னு.”

விசில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “உங்க புருஷன் நம்ம ஊழியரா?”

“இல்லை சார்.”

“அதுதானே பிரச்சினை. ஊழியரா இருந்தா இந்நேரம் நடவடிக்கை எடுத்திருப்பேன்.”

அடுத்தது தேர்தல். ஆபத்தானவன் யார் என்பதை ஊழியர்களே கண்டுபிடிப்பதுதான் நவீன முறையாம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ‘கூட வேலை செய்பவர்களில் யாரைக் கண்டால் உனக்கு உள்ளூரப் பயம்?’ என்று கேள்வி. பெயர் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இரகசியம் என்றார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே விசில் நின்று ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்துவிட்டுப் போட்டார்.

முடிவு வந்தது. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் என் பெயர்.

அப்படி யாருக்கு என்ன செய்தேன்? வெட்டு அண்ணனைக் கேட்டேன்.

“தப்பா நினைக்காதேப்பா தூங்குமூஞ்சி,” என்றார். “நிஜமாப் பயப்படுற ஆள் பேரை எழுதினா அவன் வந்து மூஞ்சியைப் பேத்துடமாட்டானா? உன் பேரை எழுதினா நிம்மதி.”

அக்காவும் ஒளிக்கவில்லை. “நானும் உன் பேரைத்தான் தம்பி எழுதினேன். எனக்குத் தெரிஞ்ச ஆம்பளைங்கள்ல திருப்பி அடிக்காத ஒரே ஆள் நீதான்.”

நான் யார் பெயரை எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். வேறு யாருக்காவது மனசு கஷ்டப்படுமே.

விசில் என்னைத் தோளில் தட்டினார். “முகத்தைப் பாருங்க, தூங்கி வழியுது. இதுதான் ஆபத்தான முகம். ஆழமான ஆறு மாதிரி. மேலே அசையாது.” பிறகு ஓர் ஆரஞ்சு நிற உடுப்பைக் கொடுத்தார். கையில்லாத அங்கி, முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் ‘தாக்குபவர்’. “இனிமேல் நீதான் பயிற்சித் தாக்குபவர். வேலை நேரம் முழுக்க இதைப் போட்டுக்கணும். எப்போ பயிற்சின்னு சொல்லமாட்டேன். வன்முறை சொல்லிக்கொண்டா வருது?”

பிறகு மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தார். அதை அப்படியே சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

“வன்முறையாளனை எப்படி அடையாளம் காண்பது? கண்ணில் வெறி தெரியுமா? கையில் ஆயுதம் இருக்குமா? இதெல்லாம் படிக்காத ஆட்கள் பேசுகிற பேச்சு. சந்தேகம் வந்தால் கை தயங்கும், தயங்கினால் நீ செத்தாய். முகத்தைப் பார்க்காதே. காரணம் கேட்காதே. சைரன் ஒலித்தால் உடுப்பைப் பார், பாய். அவன் ‘நான் அடங்கிவிட்டேன்’ என்று சொல்கிற வரை அடி. வேறு எது சொன்னாலும் தந்திரம். ‘ஐயோ’ என்பான், ‘அம்மா’ என்பான், ‘விலா’ என்பான். ஏமாறக் கூடாது.”

முதல் பயிற்சியில் நான் நுரைப்பாளக் குவியலுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு ‘தாக்குகிறேன்’ என்று சொல்ல வேண்டும். கூச்சத்தில் மெதுவாகச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். சைரன் அலறியது.

வெட்டு அண்ணன்தான் முதலில் வந்து சேர்ந்தார். மத்தியானம் தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளுகிற மனிதர். என் மார்பின்மேல் உட்கார்ந்து, “மன்னிச்சுடுப்பா, மன்னிச்சுடுப்பா,” என்று ஒவ்வொரு குத்துக்கும் ஒருமுறை சொன்னார். கணக்குப் பிரிவுக் குமாஸ்தா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஸ்டேப்ளரால் என் முழங்காலைத் தேடித் தேடி அடித்தார். காவலாளிகள் சுருள் ஸ்பிரிங்குகளைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஸ்பிரிங் பட்டால் இரண்டு தடவை வலிக்கும், வரும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு மறந்துவிட்டது. ஞாபகம் வருவதற்குள் உதடு கிழிந்து, கீழ்ப்பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் துப்பிவிட்டுத்தான் அடங்கினேன்.

“பிரமாதம்!” என்றார் விசில். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமலிருந்தால் கர்வம் என்று நினைப்பார்கள்.

அப்புறம் கழிவறை வாசலில் ஒரு பயிற்சி, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒன்று. ஒரு பயிற்சியில் உறை போடும் பெரியவருக்கு விரல் ஒடிந்தது. இன்னொன்றில் இரண்டு காவலாளிகள் ஒரே நேரத்தில் என்மேல் பாய்ந்து மண்டையும் மண்டையும் மோதி, ஒருவருக்குக் காதில் இரத்தம் வந்தது. முதலுதவி அறையில் கட்டில் போதாமல் மெத்தைகளைத் தரையில் விரித்தார்கள். நல்லவேளை, எங்களுக்கு மெத்தைக்குப் பஞ்சமில்லை. கூடத்தின் வாசலில் ‘வன்முறைச் சம்பவம் இல்லாத நாட்கள்’ என்று ஒரு பலகை தொங்கியது. என்னைத் தூக்கிக்கொண்டு அதற்கடியில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பயிற்சியில் படுகிற காயம் வன்முறையில் சேராதாம், தடுப்பில் சேருமாம்.

எனக்கும் ஒரு நன்மை கிடைத்தது. எந்த மெத்தையின்மேல் விழுந்து அடி வாங்கினால் முதுகு பிழைக்கும் என்று தெரிந்துகொண்டேன். அந்த மாதம் நான் கொடுத்த தர அறிக்கை மாதிரி உண்மையான அறிக்கை என் வாழ்நாளில் கொடுத்ததில்லை.

வீட்டில் என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். “தாக்குபவர்னு சொன்னீங்க. தாக்கு வாங்கிட்டில்ல வர்றீங்க?”

“பதவி அதுதான்.”

“இந்தப் பதவியை எங்க அப்பாகிட்டே சொல்லட்டுமா?”

“வேண்டாம். இப்பத்தான் படுக்கிற வேலையை நம்ப ஆரம்பிச்சிருக்கார்.”

இதற்கிடையில் ஒரு திருட்டும் நடந்தது. ஒரு பயிற்சி முடிந்து எல்லோரும் என் மேலிருந்து எழுந்து பார்த்தால், சுவரில் சைரன் இல்லை. ஆணியோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். விசில் நேராக என்னிடம் வந்தார்.

“அந்த நேரத்துல நீ எங்கே இருந்தே?”

“எல்லாருக்கும் கீழே சார்.”

“சாட்சி?”

கூடமே கை தூக்கியது. வேறு வழியில்லாமல் என்னை விட்டுவிட்டார். புதுச் சைரன் வருகிற வரைக்கும் தன் விசில்தான் சைரன் என்று அறிவித்தார். “விசில் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாய்!”

உடுப்பு ஒவ்வொரு பயிற்சியிலும் கிழிந்தது. தைத்துக் கொடுப்பது அக்கா. ஒருநாள் நாலைந்து துண்டாக அதைக் கொண்டுபோனேன். காவலாளிகள் இரண்டு பக்கமும் நிற்க, அவள் தலை நிமிராமல் தைத்தாள். அவள் நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“பக்கத்தைத் தைக்காம விட்டிருக்கேன் தம்பி,” என்றாள் தணிந்த குரலில். “கழுத்தையும் அகலமா வெட்டிட்டேன். ஒரு இழுப்பு இழுத்தாத் தலை வழியா வந்துடும். தாங்கமுடியலேன்னா கழட்டி வீசிட்டு ஓடிடு.”

“நீ எங்கே அக்கா ஓடுவே?”

ஊசி நின்றது. “நேத்து தெருமுனையில நின்னுட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிச்சார். அடிக்கிறதுக்கு முன்னாடிதான் அவர் சிரிப்பார்.”

இரண்டு பக்கத்துக் காவலாளிகளும் ஊசியையே கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சேர்மன் வருகிறார் என்று செய்தி வந்தது. வன்முறைத் தடுப்பில் முன்மாதிரி நிறுவனம் என்று எங்களுக்குக் கேடயம் தரப்போகிறாராம். தையல் கூடத்தின் நடுவில் மாபெரும் செயல்விளக்கம். முன்வரிசையில் நாற்காலிகள். காவலாளிகள் அத்தனை பேரும் சலவைச் சட்டையில் சுவரோரம். வெட்டு அண்ணனும் குமாஸ்தாவும் மற்ற பயிற்சி பெற்றவர்களும் எதிர்ச் சுவரோரம். அக்கா வழக்கம்போல் தன் இயந்திரத்தில். தொழிற்கூடம் இயல்பாக இருப்பது மாதிரித் தெரிய வேண்டும் என்று விசில் சொல்லியிருந்தார். நான் உடுப்போடு மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வாயில் மிச்சமிருந்த பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மேலாளர் எழுந்தார். “இந்த நிறுவனத்தில் ஒரு பெண் ஊழியர் ஒருநாள் என்னிடம் வந்து ஒரு சின்ன உதவி கேட்டார். நான் அந்தச் சின்ன உதவியைச் செய்யவில்லை. அதைவிடப் பெரியதைச் செய்தேன். இன்று அவர் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார் என்பதை நீங்களே பார்க்கலாம்...”

எல்லோரும் அக்கா பக்கம் திரும்பினார்கள். அவளுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

சட்டையில் பார்வையாளர் அட்டை. கையில் இரும்புக் கம்பி. வாசலுக்கு உள்ளே ஸ்பிரிங் சுற்றக் குவித்து வைத்திருக்கிற எங்கள் கம்பிதான். சிரித்துக்கொண்டிருந்தான்.

“தைக்கிறியா?” என்றான். கம்பியை இறக்கினான்.

அவள் கையைக் குறுக்கே தூக்கினாள். முழங்கைக்குக் கீழே அடி விழுந்தது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். அக்கா கத்தவில்லை; காற்று போன மாதிரி ஒரு மூச்சு விட்டாள். நாற்காலியோடு கவிழ்ந்தாள். அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். தரையில் நாடாச் சுருள்கள் உருண்டன.

“தத்ரூபம்,” என்றார் சேர்மன், மேலாளரின் காதில்.

மேலாளருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும், “நன்றி சார்,” என்றார்.

காவலாளிகள் அசையவில்லை. விசில் ஊதப்படவில்லை, அவனிடம் உடுப்பும் இல்லை. வெட்டு அண்ணன் ஒரு கால் எடுத்து வைத்தார். பக்கத்திலிருந்தவர், “அண்ணே, வரிசை,” என்று அவர் சட்டையைப் பிடித்தார். விசில் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தார். இது எந்த இடத்தில் வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நான் ஓடினேன். வீரமென்று யாரும் நினைக்க வேண்டாம். அடி விழுகிற இடத்துக்கு ஓடி ஓடி எனக்குப் பழக்கமாகியிருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “தாக்குகிறேன்,” என்றேன்.

அவன் கம்பியால் என் தோளில் அடித்தான். கழுத்தெலும்பு உள்ளே இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று உரசியதைக் கேட்டேன். இடது கை என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த அடிக்காக அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஓங்கினான்.

அப்போதுதான் அக்கா தரையிலிருந்து கத்தினாள். “தம்பி, கழட்டு!”

ஓடிவிடச் சொன்னாள் அவள். நான்தான் எதையுமே தாமதமாகப் புரிந்துகொள்கிறவன், இதையும் வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். வலது கையால் ஒரே இழுப்பு. உடுப்பு தலை வழியாக வந்தது. ஓங்கிய கையோடு நின்றவன் தலையில் அதை அப்படியே கவிழ்த்துக் கீழே இழுத்தேன். கழுத்து அகலமாக வெட்டியிருந்ததால் தலையும் ஓங்கிய கைகளும் சேர்ந்தே உள்ளே நுழைந்தன. கம்பி கீழே விழுந்தது. அவன் மார்பில் ‘தாக்குபவர்’ என்று எழுத்து.

விசிலுக்கு இது பொறுக்கவில்லை. “ஏய்! உடுப்பை யாருக்குக் கொடுத்தே? அனுமதியில்லாம... நிறுத்து!” என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. என்னை நிறுத்துவதற்காக, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விசிலை ஊதினார்.

விசில் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

இரண்டு சுவரும் பெயர்ந்து வந்து நடுவில் விழுந்த மாதிரி இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் கேட்கவில்லை. வெட்டு அண்ணன் இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை. குமாஸ்தா முழங்காலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பிரிங்குகள் போயின, திரும்பின. நான் அக்காவை இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்து உட்காரவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. இது விலா. இது தாடை. இது பல். எல்லாம் நான் இருந்த ஊர்கள்.

“டேய், நான் அவ புருஷன்டா!” என்று அலறினான். தந்திரம். இன்னும் அடித்தார்கள். “பார்வையாளர்! பார்வையாளர்!” என்று அட்டையைத் தூக்கிக் காட்டினான். அட்டை போய்விட்டது, காட்டிய விரல் இரண்டு பின்பக்கமாக மடிந்தது. “ஐயோ, அம்மா,” என்றான். அது எல்லோருக்கும் மனப்பாடமான தந்திரம்.

“போதும், நிறுத்துங்க!” என்றார் மேலாளர். விசிலும், “நிறுத்து!” என்று கத்திப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மறுபடி ஊதிவிட்டார். அதனால் சுவரோரம் மிச்சமிருந்த இரண்டு பேரும் பாய்ந்தார்கள்.

நிறுத்துவதற்கு ஒரு வழிதான் இருந்தது, அது எனக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தச் சத்தங்கள் எல்லாம் என் உடம்பிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது, தாங்கவில்லை. தவழ்ந்து போய், கால்களுக்கு நடுவில் தலையை விட்டு, அவன் காதருகே சொன்னேன்.

“அண்ணே, ‘நான் அடங்கிவிட்டேன்’னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க.”

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தான். “எவன்டா அடங்குவான்?” என்றான். வெட்டு அண்ணனின் கை வந்து இறங்கியது.

“சொல்லுங்க அண்ணே. எனக்கு அனுபவம் இருக்கு.”

அவன் உதடு இரத்தத்தில் ஒட்டிப் பிரிந்தது. “நான்... அடங்கிவிட்டேன்.”

அடி நிற்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒடிந்த கையை மடியில் ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். “சத்தமாச் சொல்லச் சொல்லு தம்பி. எனக்குக் கேக்கலை.”

“நான் அடங்கிவிட்டேன்!” என்று கூடம் எதிரொலிக்க அழுதான் அவன்.

எல்லோரும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள். சேர்மன் எழுந்து நின்று கைதட்டினார். கேடயம் கொடுக்கப்பட்டது. பலகையில் நாள் ஒன்று ஏறியது.

விசாரணையும் நடந்தது. கம்பெனி உடுப்பை அனுமதியின்றி வெளியாளுக்கு மாற்றிக் கொடுத்தது என் குற்றம். தாக்குபவர் பதவியிலிருந்து என்னை நீக்கினார்கள். நன்றி சொன்னேன், அதை எகத்தாளம் என்று எழுதிக்கொண்டார்கள். வெளியாள் எப்படிக் கம்பெனி உடுப்பில் அடி வாங்கினார் என்று சேர்மன் அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் மேலாளரின் கவலை. விசில் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரை முந்தைய தேதியிட்டு ஊழியராக்கிவிட்டால் போகிறது. சேர்மனே தத்ரூபம் என்று புகழ்ந்த ஆள் அல்லவா? நிரந்தரத் தாக்குபவராக நியமன உத்தரவு தயாரானது.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க, நெருங்கிய உறவு என்று அக்காவையே அனுப்பினார்கள். அதற்குள் அவள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள், இடது கையால். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு மறுபடி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு வலது கையில் மாவுக்கட்டு, எனக்கு இடது தோளில். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

அவன் கட்டிலில் கிடந்தான். தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். படுத்திருந்த மெத்தையைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி மெத்தைதான், நான் முத்திரை குத்தியது, எலி கடித்த வாரத்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அக்கா உத்தரவைப் பிரித்து அவன் ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

“வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. தாக்குபவர் வேலை. எல்லாரும் காத்துட்டிருக்காங்க, நல்லாப் பழகிட்டாங்க. ஒத்தைக் கையாலேயே உடுப்பைத் துவைச்சுத் தைச்சு வெச்சிருக்கேன். இந்தத் தடவை கழட்ட முடியாதபடி பக்கத்தையெல்லாம் சேர்த்துத் தைச்சுட்டேன்.”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மெத்தை முனகியது.

அக்கா காகிதத்தை மடித்து அவன் தலையணைக்கடியில் செருகினாள். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“எப்ப வேணாலும் வாங்க,” என்றாள். “வாசல்ல உங்களை யாரும் தடுக்கமாட்டாங்க.”